மோரே கடைத்தெரு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டியிருக்கும் மோரேயில் வளர்ந்து, அங்கேயே கம்பளிக் கடை வைத்திருந்து, இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருப்பவன் நான். அந்த ஊரைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.)

மன்னார்குடி வாசகர்: மணிப்பூரின் மூலையில் தமிழர்களுக்கு என்ன வேலை? எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?

வேலை தேடிப் போனவர்கள் இல்லை. பர்மாவுக்குத் திரும்பிப் போகிற வழியில் நின்றுவிட்டவர்கள்.

1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் வங்கி, மொத்த வியாபாரம், கடை என்று ஒவ்வொன்றாக அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டைச் சாய்த்தது அதுதான். அப்பா பர்மாவில் பெகு என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடையும் போனது, பெட்டியில் சேர்த்திருந்த நோட்டும் போனது. கப்பல் ஏறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினோம். இங்கே அரசாங்கம் முகாம் கொடுத்தது, சிலருக்கு மனை கொடுத்தது, கடை வைக்கக் கடன் கொடுத்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தா காலத்திலேயே கடல் தாண்டிப் போன குடும்பம் எங்களுடையது. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது, போய் உட்காரத் திண்ணை இல்லை.

அப்போதுதான் முகாம்களில் ஒரு பேச்சு கிளம்பியது. ரயிலில் கல்கத்தா, கௌஹாத்தி, திமாப்பூர். அங்கிருந்து பஸ்ஸில் இம்பால். இம்பாலிலிருந்து மலை ஏறி இறங்கினால் மோரே. மோரேயிலிருந்து நடந்து போனால் தாமு, அது பர்மா. கப்பல் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம் என்றார்கள். கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். தாமுப் பக்கம் போனவர்களைப் பர்மிய அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். மெட்ராஸுக்குத் திரும்பக் கையில் காசில்லை. இந்த மாதம் விடாவிட்டால் அடுத்த மாதம் விடுவார்கள் என்று எல்லையோரமாகவே மூங்கில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள், கடைகள் வந்தன, அங்காளபரமேஸ்வரி கோயில் வந்தது, தீமிதி வந்தது, தமிழ்ச் சங்கம் வந்தது.

இன்னொன்று. அந்தச் சாலை தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1942-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே தப்பினார்கள். அவர்கள் வந்த வழிகளில் ஒன்று தாமு, பலேல், இம்பால் வழி. என் பாட்டியின் தங்கை அந்த நடையில் கிளம்பியவர், வந்து சேரவில்லை. 1944-இல் நேதாஜியின் படை அதே மலைகள் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அந்தப் படையில் மலேயாத் தமிழர்களும் பர்மாத் தமிழர்களும் நிறையப் பேர்.

ஈரோடு வாசகர்: காலை டிபன் இந்தியாவில், மதியச் சாப்பாடு பர்மாவில் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் அளந்துவிட்டீர்களோ?

தாமு அஞ்சு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. மோரேயில் எல்லையில் இருக்கும் இரண்டாம் நம்பர் கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் நாம்பலாங் சந்தை, அதுவே பர்மாதான். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரமும் சீக்கிரம் வந்துவிடும். அளக்கத் தேவையே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: மோரே வழியாக நடந்த அதிகாரபூர்வ வியாபாரம் மிகச் சொற்பம் என்று படித்திருக்கிறேன். அதை வைத்து ஒரு ஊர் எப்படி வாழ்ந்தது?

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். ‘அதிகாரபூர்வ’ என்ற அந்த ஒரு சொல்தான் விஷயம்.

இந்தியாவும் பர்மாவும் 1994 ஜனவரியில் எல்லை வியாபார ஒப்பந்தம் போட்டன. 1995 ஏப்ரல் 12-ஆம் தேதி மோரேயில் அது தொடங்கியது. பண்டமாற்று முறை, 5 சதவீதச் சுங்கம், 22 பொருள்கள். பாக்கு, வெற்றிலை, கடுகு, பருப்பு, பூண்டு, வெங்காயம், மிளகாய், இஞ்சி, தக்காளி, எள், கொத்தமல்லி, மூங்கில், துடைப்பப் புல் என்று போகும் அந்தப் பட்டியல். பார்த்தால் மாத மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். பிற்பாடு 40 ஆக்கினார்கள், 62 ஆக்கினார்கள்.

நாம்பலாங் சந்தையில் குவிந்து கிடந்தது என்ன? சீனக் கம்பளி, தாய்லாந்துச் செருப்பு, குடை, பிளாஸ்க், டார்ச் லைட், எமர்ஜென்சி விளக்கு, பிளாஸ்டிக் வாளி. இதில் ஒன்றுகூடப் பட்டியலில் கிடையாது. மூன்றாவது நாட்டுச் சரக்கு அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வராது. ஆனால் ஒரு ஆள் தன் வீட்டுக்கு இரண்டு கம்பளி வாங்கிக்கொண்டு வந்தால் யார் கேட்பார்கள்? அதே போல நூறு பேர் வந்தால் ஒரு லாரி நிறைந்துவிடும். சுமக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம். நெற்றியில் பட்டையைக் கொடுத்து முதுகில் கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து சாயங்காலம் கேட் மூடும் வரை போய்ப் போய் வருவார்கள். மலையில் வாழும் குக்கிப் பெண், சமவெளி மெய்தேய் பெண், தமிழ்ப் பெண், நேபாளிப் பெண், பர்மாக்காரி எல்லோரும் ஒரே வரிசைதான். நம் பக்கத்திலிருந்து நூல், மருந்து, சைக்கிள், மைதா, சீரகம் போகும்.

எனக்குக் கம்பளி. இரண்டு பண்டிகைதான் என் வருடத்தைத் தீர்மானிக்கும். முதலில் நிங்கோல் சாக்கோபா. மெய்தேய் வீடுகளில் கட்டிக்கொடுத்த பெண்களைப் பிறந்த வீட்டுக்குக் கூப்பிட்டு, விருந்து போட்டு, சகோதரன் கையால் பரிசு கொடுப்பார்கள். தீபாவளிக்கு அடுத்த சில நாட்களில் வரும். இம்பால் வியாபாரிகள் அதற்கு முன்னால் வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போவார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கிறிஸ்துமஸ். குக்கிகளும் நாகாக்களும் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். ஒரே கம்பளிக்கு ஒரே நாளில் நாலு மொழியில் பேரம் நடக்கும். மூத்தவர்களை மெய்தேய்களில் ‘தாமோ’ என்பேன், அம்மாக்களை ‘ஈமா’ என்பேன். விலையைக் குறைக்காமல் ஆளைக் குளிர வைக்க அது போதும்.

இம்பால் வரை 110 கிலோமீட்டர். சரக்கு வண்டி எத்தனை இடத்தில் நிற்கும் என்று வண்டிக்காரருக்கே கணக்குத் தவறும். சட்டப்படி வாங்குகிறவர்கள் சிலர், துப்பாக்கிப்படி வாங்குகிறவர்கள் பலர். இரண்டாவது வகைக்கும் ஊரில் ‘டேக்ஸ்’ என்றுதான் பெயர். சிலர் ரசீதும் கொடுப்பார்கள்.

2015 கடைசியில் பண்டமாற்றை நிறுத்தி முறையான வியாபாரமாக மாற்றினார்கள். 2019 ஜனவரியில் பெரிய ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் திறந்து வைத்தார். எடை மேடை, கிடங்கு, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் வந்தது. சரக்குதான் வரவில்லை. அடுத்த வருடம் கொரோனா.

மதுரைக் கல்லூரி மாணவி: குக்கி, மெய்தேய் சண்டையில் யார் பக்கம் நியாயம்? நீங்கள் இரண்டு பேரோடும் பழகியவர். மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை அம்மா. ஆனால் ஒரு வரியில் சொல்லச் சொன்னால் முடியாது.

மணிப்பூரில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் மெய்தேய்கள். அவர்கள் இருக்கும் சமவெளி, மாநிலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மலை நாகாக்கள், குக்கிகளுடையது. மலையில் மெய்தேய் நிலம் வாங்க முடியாது. தங்களுக்கும் பழங்குடி அந்தஸ்து வேண்டும் என்று மெய்தேய்கள் கேட்டதற்கு இது ஒரு காரணம். சட்டசபையிலும் ஆட்சியிலும் ஏற்கெனவே மெய்தேய் கைதான் ஓங்கியிருக்கிறது, நிலமும் போனால் என்ன மிச்சம் என்பது குக்கிகளின் பயம். 2023 மார்ச்சில் அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் காப்புக்காட்டில் இருப்பதாகச் சொல்லி ஒரு குக்கி கிராமத்தை அரசு இடித்திருந்தது. பர்மாவிலிருந்து ஆட்கள் வந்து அபின் எடுக்கும் கசகசாச் செடி போடுகிறார்கள், மலை நிறைகிறது என்று மெய்தேய் பக்கம் பேச்சு. மே 3-ஆம் தேதி மலைப் பழங்குடி மாணவர் அமைப்பு ஊர்வலம் போனது. அன்று பற்றிய தீ, 250 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. 60,000 பேர் வரை வீடிழந்தார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் கூட்டத்தின் கைக்குப் போயின. இதில் நான் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவேன் என்று கேட்டால், முதல் ஆள் அந்தக் கிடங்குகளின் சாவியை வைத்திருந்த அரசாங்கம். சாதாரண ஜனங்கள் கோபப்படுவார்கள், கல் எறிவார்கள். இயந்திரத் துப்பாக்கி அவர்கள் வீட்டுப் பரணில் முளைப்பதில்லை.

மோரேக்கு வருகிறேன். அங்கே மே மாதத்திலேயே மெய்தேய் வீடுகள் எரிந்தன. மெய்தேய்கள் ஒருவர் மிச்சமில்லாமல் கிளம்பினார்கள். இம்பாலில் குக்கிகளுக்கு அதேதான் நடந்தது. ஜூலைக் கடைசியில், காலியாகக் கிடந்த வீடுகளையும் கடைகளையும் மறுபடி கொளுத்தினார்கள். அக்டோபர் 31 அன்று மோரேயின் போலீஸ் துணைக் கண்காணிப்பாளரைத் தூரத்திலிருந்து சுட்டுக் கொன்றார்கள். 2024 ஜனவரியில் கமாண்டோக்களுக்கும் ஆயுதக்காரர்களுக்கும் ஊருக்குள்ளேயே சண்டை.

சிலர் ‘அது காலங்காலமாகச் சகோதரர்களாக வாழ்ந்த ஊர்’ என்று எழுதுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1992 முதல் நாலைந்து வருடம் நடந்த குக்கி, நாகா மோதலுக்கு மோரேயும் ஒரு தொடக்கப்புள்ளி. கேட் வழியாகப் போகும் சரக்கில் யார் டேக்ஸ் வாங்குவது என்பதும் அந்தச் சண்டைக்குள் இருந்தது. நிறைய நாகாக் குடும்பங்கள் அப்போது ஊரை விட்டுப் போயின. 1995-இல் குக்கிகளுக்கும் தமிழர்களுக்கும் நடுவிலேயே மோதல் வெடித்தது. எங்கள் ஆட்கள் செத்தார்கள், பல குடும்பங்கள் கடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மெட்ராஸ் திரும்பின. தமிழர் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

அப்புறம் எப்படி மறுபடி ஒன்றாகக் கடை போட்டோம்? கேட் திறந்திருந்தது. அவ்வளவுதான். கேட் ஒரு நாள் அடைபட்டால் குக்கி வீட்டு வாடகை, மெய்தேய் மொத்த வியாபாரி, தமிழ்க் கடைக்காரன், பங்கால் என்னும் மணிப்பூர் முஸ்லிம் டிரைவர், பஞ்சாபி, மார்வாடி, பீகாரி என்று எல்லோருக்கும் நஷ்டம். சின்னக் கைகலப்பு என்றால் அன்று ராத்திரியே வியாபாரிகளும் பெரியவர்களும் கூடி உட்காருவார்கள். பாசத்தினால் இல்லை, மறுநாள் காலை கடை திறக்க வேண்டுமே என்பதால்.

2020 மார்ச்சில் கேட்டைப் பூட்டினார்கள். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தாமுப் பக்கமே போர்க்களமானது, அகதிகள் வந்தார்கள். 2023 மே மாதம் வந்தபோது கடைத்தெரு மூன்று வருடமாகப் பட்டினி. கூடி உட்கார்ந்து ‘போதும்’ என்று சொல்ல யாருக்கும் அவசியம் மிச்சமில்லை. கலவரத்துக்குக் காரணம் பூட்டிய கேட் என்று நான் சொல்லவில்லை, காரணங்களை மேலே எழுதிவிட்டேன். மோரேயில் அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே சுயநலம் மூன்று வருடத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது என்பதுதான் என் கணிப்பு. மணிப்பூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 2023-இலிருந்து கதையை ஆரம்பிக்கிறார்கள். மோரேக்காரன் 2020-இலிருந்து ஆரம்பிப்பான்.

திருநெல்வேலி வாசகி: இத்தனைக்கும் நடுவில் தமிழர்கள் யார் பக்கம் நின்றார்கள்?

தமிழர்களுக்கு அங்கே மலையும் இல்லை, சமவெளியும் இல்லை. நாங்கள் எந்த நிலத்துக்கும் உரிமை கொண்டாடாததால்தான் ஊரில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் அது பாதுகாப்பு. மறுபக்கம், வீடு எரிந்தால் ‘இது எங்கள் ஆள் வீடு’ என்று கேட்க எம்.எல்.ஏ.வும் இல்லை, ஆயுதக் குழுவும் இல்லை. அந்தக் குழுக்கள் இல்லாததில் எனக்கு வருத்தம் கிடையாது.

2023-இல் தமிழர் வீடுகளும் எரிந்தன. குறி வைத்து எரித்தார்களா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெய்தேய் வீட்டை ஒட்டித் தமிழ் வீடு, பொதுச்சுவர், மூங்கிலும் தகரமும். தீ பக்கத்து வீட்டுக்காரரின் இனம் பார்த்து நிற்குமா? என் அத்தை மகன் வீடு தப்பியது. அவன் கதவில் ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தான். மணிப்பூர் முழுக்க அப்போது கதவுகளிலும் வண்டிகளிலும் அப்படித்தான் ஒட்டினார்கள். இம்பாலுக்கு மருந்து வாங்கப் போனால் வழியில் ஒவ்வொரு சோதனையிலும் இறங்கி முகத்தையும் அட்டையையும் காட்ட வேண்டும். குக்கி டிரைவர் மலை முடிந்து சமவெளி தொடங்கும் பலேலைத் தாண்ட முடியாது, மெய்தேய் டிரைவர் மலை ஏற முடியாது. பங்கால் முஸ்லிம்களும் நாகாக்களும்தான் ஓட்டினார்கள். வாடகை எவ்வளவு ஏறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் எங்களுக்கு நிம்மதி இல்லை. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தாமு போன இரண்டு தமிழ் இளைஞர்களை அங்கே சுட்டுக் கொன்றார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாமு போவது உங்களுக்குப் பாளையங்கோட்டை போகிற மாதிரி. அவர்கள் எந்தச் சண்டையிலும் இல்லை.

சென்னை ராயபுரம் வாசகர்: நம் பர்மா பஜார் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) மோரேயிலும் உண்டா? எது ருசி?

பீச் ஸ்டேஷன் பக்கம் கிடைப்பதில் முட்டைக்கோசு அதிகம், புளி தூக்கல், கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். மோரேயில் அத்தோவைவிட மொகிங்காதான் காலைச் சாப்பாடு. மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். ஆனால் மோரேயில் பெரிய கூட்டம் எதற்கு என்றால் இட்லி, தோசைக்கு. மெய்தேய் வாடிக்கையாளர்கள் சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்குவார்கள். இதில் வேடிக்கை, நீங்கள் சென்னையில் சாப்பிடும் இட்லியில் பர்மா உளுந்து இருக்க நிறைய வாய்ப்பு. அது ரங்கூனிலிருந்து கப்பலில் வருகிறது. 1994 பட்டியலில் பருப்பும் இருந்தது, எங்கள் கேட்டைத் தாண்டி வந்திருக்கலாம். ருசி? என் ஓட்டு மொகிங்காவுக்கு.

வேலூரிலிருந்து முன்னாள் ராணுவ வீரர்: வடகிழக்கில் பணி செய்தவன் நான். எல்லையில் வேலி போடுவது பாதுகாப்புக்கு நல்லதுதானே? ஏன் அங்கே எதிர்க்கிறார்கள்?

உங்கள் அனுபவத்துக்கு வணக்கம் ஐயா. ஆனால் இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

1,643 கிலோமீட்டர் எல்லை. முழுவதும் வேலி போடப்போவதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. மோரேயில் அப்போதே 10 கிலோமீட்டர் முடிந்திருந்தது. எல்லையோர மக்கள் விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரலாம் என்று இருந்த ஏற்பாட்டையும் நிறுத்துவதாகச் சொன்னார்கள். வருடக் கடைசியில் அதை 10 கிலோமீட்டராகக் குறைத்து, அனுமதிச் சீட்டு, ஏழு நாள் கெடு என்று ஆக்கினார்கள். மெய்தேய்கள் பலர் இதை வரவேற்கிறார்கள். குக்கிகளும் நாகாக்களும் எதிர்க்கிறார்கள், காரணம் சொந்தபந்தம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாகாலாந்தின் லாங்வா கிராமத்தில் தலைவர் வீட்டுக்கு நடுவிலேயே எல்லைக்கோடு போகிறது. தாமு இருக்கும் கபாவ் சமவெளிகூட ஒரு காலத்தில் மணிப்பூர் ராஜா வசம் இருந்ததுதான். 1834-இல் ஆங்கிலேயர் அதைப் பர்மாவுக்குக் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் போட்டதே 1967-இல்தான், நாங்கள் அங்கே குடிசை போட்ட பிறகு.

என் பேச்சு கடைக்காரன் பேச்சு. வேலி முதலில் நிறுத்துவது முதுகில் மூட்டை சுமக்கும் பெண்ணை. போதைமருந்துக்காரனுக்கும் ஆயுதக்காரனுக்கும் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, காடு இருக்கிறது. வேலி போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதில் கேட் வையுங்கள், கேட்டைத் திறந்து வையுங்கள், அங்கே உட்காருகிற அதிகாரிக்குச் சம்பளம் மட்டும் போதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் கஷ்டம்.

கும்பகோணம் வாசகர்: இவ்வளவு கஷ்டம் எதற்கு? எல்லோரும் தமிழ்நாட்டுக்கே வந்துவிடலாமே?

வந்தவர்கள் நிறைய. நானே வந்துவிட்டேன், மூட்டு வலிக்காக. இருப்பவர்களைக் கேட்டால், மெட்ராஸில் வாடகை என்ன, முன்பணம் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே பிறந்த மூன்றாம் தலைமுறைப் பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் திணறுவான். அவன் சிநேகிதன் குக்கி, அவன் பார்க்கும் சினிமா கொரிய சினிமா. இங்கே வந்தால் அவனை ‘மணிப்பூர்க்காரன்’ என்பார்கள். எங்கள் அப்பாவைப் ‘பர்மாக்காரன்’ என்றது போல.

தூத்துக்குடி வாசகி: என் பாட்டியின் அக்கா குடும்பம் 1965 வாக்கில் மெட்ராஸ் முகாமிலிருந்து ‘பர்மாவுக்கே போகிறோம்’ என்று கிளம்பியது. அதன்பின் கடிதம் இல்லை. உங்கள் கட்டுரையைப் படித்ததும் பாட்டி அழுகிறார். மோரேயில் தேட முடியுமா? நேரில் போகலாமா?

தேட முடியும். நேரில் இப்போதைக்குப் போக வேண்டாம். மணிப்பூருக்குள் நுழைய 2020-இலிருந்து வெளிமாநிலத்தார் உள்நுழைவு அனுமதி வாங்க வேண்டும். அது இணையத்திலேயே கிடைக்கும், பெரிய காரியமில்லை. இம்பாலிலிருந்து மோரே போகும் சாலைதான் பிரச்சினை. இன்று திறந்திருக்கும், நாளை பந்த் என்பார்கள். பாட்டியை அழைத்துக்கொண்டு போகிற பாதையில்லை.

மோரே தமிழ்ச் சங்கத்துக்கும் அங்காளபரமேஸ்வரி கோயிலுக்கும் கடிதம் எழுதுங்கள். இரண்டுக்கும் எழுதுங்கள், ஒன்று போய்ச் சேராவிட்டால் இன்னொன்று போய்ச் சேரும். வெறும் பெயரை எழுதினால் பிரயோஜனமில்லை, அங்கே முனியாண்டியும் மாரியம்மாளும் ஏகப்பட்ட பேர். பாட்டியை உட்கார வைத்து இதெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பர்மாவில் எந்த ஊர், எந்தத் தெரு அல்லது எந்த மில், என்ன தொழில், எந்தக் கப்பலில் வந்தார்கள், மெட்ராஸில் எந்த முகாம், கூடக் கிளம்பிய குடும்பங்கள் யார் யார், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர், பட்டப்பெயர். பழைய போட்டோ இருந்தால் நகல் எடுத்து வையுங்கள், அசலை அனுப்பாதீர்கள். அந்தக் காலத்து அகதிச் சான்று, கப்பல் சீட்டு ஏதாவது பெட்டியடியில் கிடக்கலாம், தேடிப்பாருங்கள். கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். பதில் வாட்ஸ்ஆப்பில்தான் வரும்.

மோரேயில் கிடைக்கவில்லை என்றால் தேடலை விட்டுவிட வேண்டாம். 1995-க்குப் பிறகு கிளம்பியவர்களில் பலர் செங்குன்றம், வியாசர்பாடிப் பக்கம் பர்மாக்காரர்களோடுதான் குடியேறினார்கள். அங்கேயும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தின் ஒரு நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கும் அனுப்புங்கள், அத்தை மகனிடம் கொடுத்துக் கோயில் திண்ணையில் விசாரிக்கச் சொல்கிறேன். பாட்டியின் பிறந்த கிராமம் எது என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் அது இல்லை.